பிறந்த மாதமும் பனித்தரை ஆட்டமும்

கனடா நாட்டின் மேற்கே, ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதியில் லெத்பிரிட்ஜ் என்றொரு நகரம் இருக்கிறது. 1980-களின் முற்பாதியில் ஒரு நாள், அந்நகரின் இளைஞர் அணியான 'லெத்பிரிட்ஜ் பிராங்கோஸ்' ஆடிய ஹாக்கிப் பந்தயத்தைக் காண ராஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளர் தம் மனைவி பவுலாவுடனும் பிள்ளைகளுடனும் போயிருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பவுலா கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் படித்தார். ஆட்டக்காரர்களின் பெயர், உயரம், எடை, பிறந்த தேதி ஆகியவை அதில் அச்சாகியிருந்தன. பிறந்த தேதிகளில் அவர் பார்வை நின்றது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே திரும்பத் திரும்ப வந்தது. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

கணவரிடம் அதைக் காட்டினார். அன்றிரவு வீடு திரும்பியதும் பார்ன்ஸ்லி, கிடைத்த அணிப் பட்டியல்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பிறந்த மாதங்களை எண்ணத் தொடங்கினார்.

அவர் என்ன கண்டார் என்பதைச் சொல்லுமுன், அந்த ஆட்டத்தைப் பற்றியும், அதற்கு இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து வந்த முறையைப் பற்றியும் நீங்கள் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஹாக்கி என்று நாம் சொல்வது, நம் பள்ளி மைதானங்களில் ஆடப்படும் ஹாக்கி அன்று. இது உறைந்த பனிக்கட்டித் தரையில், அடியில் கத்தி பொருத்திய காலணிகளை அணிந்து சறுக்கியபடியே ஆடும் ஆட்டம். களத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு ஒன்று உண்டு. அதற்குப் 'பக்' என்று பெயர். ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் ஆறு பேர். அவர்களில் ஒருவர் கோல் காப்பாளர். எதிரி பக்கை வைத்திருக்கும்போது அவரை உடம்பால் இடித்து விலக்குவது பெரியவர் ஆட்டத்தில் விதிக்கு உட்பட்டதே. ஆகவே உடற்கட்டு உள்ளவனுக்கு இந்த ஆட்டத்தில் தனி மதிப்பு. கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்குப் பக்கைத் தள்ளிக் கொடுத்து உதவியவர்களில் இருவர் வரை ஆளுக்கு ஒரு புள்ளி. இந்தப் 'புள்ளி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உலகின் மிகப் பெரிய பனித்தரை ஹாக்கிப் போட்டியாகிய 'தேசிய ஹாக்கி லீக்' 1917-இல் மான்ட்ரீல் நகரில் தோன்றியது. அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த 32 அணிகள் இன்று அதில் ஆடுகின்றன. அதற்கு ஒரு படி கீழே உள்ளது 1936-இல் தொடங்கிய 'அமெரிக்க ஹாக்கி லீக்'. மேலே உள்ள ஒவ்வோர் அணிக்கும் கீழே ஒரு துணை அணி உண்டு. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, அப்படித்தான் பெரிய அணிக்கு இந்தச் சிறிய லீக் அணி. நாற்றங்காலுக்கும் முந்திய விதைப் பருவம் என்று, பதினாறு முதல் இருபது வயது வரையுள்ளோர் ஆடும் இளைஞர் லீகுகளைச் சொல்லலாம். லெத்பிரிட்ஜ் அணி அவ்வகையைச் சேர்ந்தது.

சரி, விதைகளை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

பதினான்கு வயதில் ஒப்பந்தம்

1942 முதல் 1967 வரை தேசிய லீகில் இருந்தவை ஆறே அணிகள். தம் நகரைச் சுற்றி 50 மைல் வட்டத்துக்குள் வளரும் சிறுவர்கள் மீது ஒவ்வோர் அணிக்கும் தனி உரிமை இருந்தது. அதற்கு அப்பாலும் அவை ஊர் ஊராக ஆள் அனுப்பின. சிறு நகரங்களின் இளைஞர் அணிகளுக்குப் பணம் கொடுத்து ஆதரித்து, அங்கு ஆடும் பையன்களைத் தமக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டன. 'சி படிவம்' என்று ஒரு தாள் இருந்தது. அதில் பெற்றோரும் பையனும் கையெழுத்திட்டுவிட்டால், அவன் பெரியவனாகி ஆட வேண்டியது எந்த அணிக்கு என்பது அன்றே முடிவாகிவிடும்.

1961-இல் பாஸ்டன் அணியின் அதிகாரிகள் ஆன்டாரியோ மாகாணத்தில் கனனாக்வே என்னும் சிற்றூருக்கு ஒரு சிறுவர் பந்தயம் பார்க்கப் போனார்கள். அவர்கள் பார்க்கப் போனது வேறு இரண்டு பையன்களை. களத்தில் அவர்கள் கண்ணைப் பறித்தவனோ எதிரணியில் ஆடிய, பதின்மூன்று வயதை ஒட்டிய ஒரு மெலிந்த சிறுவன். தன்னைவிட மூத்தவர்களிடையே ஆடியும் பக் பெரும்பாலும் அவனிடமே இருந்தது. அடுத்த ஆண்டில், பதினான்கு வயதில், அவன் பாஸ்டனுக்குக் கையெழுத்திட்டான். ஒப்பந்தத்துக்குக் கிடைத்தவற்றுள் அவன் குடும்பத்தின் வீட்டுச் சுவர்களுக்குப் புதுப்பூச்சு போட்டுக் கொடுப்பதும் ஒன்று. அவன்தான் பாபி ஆர். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் லீகிலேயே அதிகப் புள்ளி எடுப்பது என்பதை 1969-70 பருவத்தில் முதன்முதலாகச் செய்து காட்டியவர்.

இந்தக் கதையை ஹாக்கி உலகம் சலிக்காமல் சொல்லும். தேர்ந்த கண் தவறாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்தக் கண் வேறு யாரையோ பார்க்கப் போயிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எந்த அணிக்கும் ஒதுக்கப்படாத இளைஞர்களை எல்லா அணிகளும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1963-இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 5-ஆம் நாள் மான்ட்ரீல் நகர ஓட்டல் ஒன்றில் ஆறு அணியினரும் கூடி 21 பையன்களைத் தேர்ந்தார்கள். முதலில் பெயர் வாசிக்கப்பட்ட கேரி மொனஹனுக்கு வயது பதினாறு. அந்த 21 பேரில் பிற்காலத்தில் தேசிய லீகில் கால் வைத்தவர்கள் ஐந்தே பேர்! நல்ல பையன்களில் பெரும்பாலோர் முன்பே படிவத்தில் சிக்கியிருந்தார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். பதினாறு வயதில் ஒருவனைப் பார்த்து, இருபத்தைந்து வயதில் எப்படி இருப்பான் என்று சொல்வதன் கடினம் மற்றொரு காரணம்.

1969-க்குள் பழைய ஒதுக்கீட்டு முறை முற்றிலும் ஒழிந்தது. 1975-இல் லீகே ஒரு மையத் தேர்வு அலுவலகத்தை அமைத்து, வட அமெரிக்கா முழுவதிலும் உள்ள இளைஞர்களுக்கு மதிப்பீடு எழுதத் தொடங்கியது. இன்று ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் 224 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். செப்டம்பர் 15-ஆம் தேதிக்குள் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி.

ஆள் தேடுவோரின் வேலை எளிதன்று. குளிர்காலம் முழுவதும் கார் ஓட்டிக்கொண்டு, உறையும் அரங்குகளில் காகிதக் கோப்பைக் காப்பியைக் கையில் பிடித்தபடி, ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள் அவர்கள். சறுக்கும் வேகம், கைத்திறன், ஆட்ட அறிவு, உடல் அளவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். இவற்றுக்கு அடியில் மறைந்திருந்த ஒரு செய்தியை மட்டும் யாரும் எழுதவில்லை. நிகழ்ச்சித் தாளில் அச்சாகி எல்லார் மடியிலும் கிடந்தும் அது யார் கண்ணிலும் படவில்லை.

நிகழ்ச்சித் தாள் சொன்னது

பார்ன்ஸ்லி, பவுலா, தாம்ப்ஸன் ஆகிய மூவரும் தங்கள் ஆய்வை 1985-இல் வெளியிட்டார்கள். உயர்நிலை இளைஞர் லீகுகளில் ஆடியவர்களில் ஏறத்தாழ 100-க்கு 40 பேர் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் சுமார் 10 பேரே. தேசிய லீகிலும் இதே சாய்வு, சற்றுக் குறைந்த அளவில் இருந்தது: முதல் காலாண்டில் 32 விழுக்காடு, கடைசிக் காலாண்டில் 16 விழுக்காடு.

கனடாவில் குழந்தைகள் ஜனவரியில் அதிகமாகப் பிறப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமமாகவே பிறக்கிறார்கள். கோடைப் பக்கம் சற்று அதிகம். அப்படியானால் டிசம்பர்ப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

விடை சோதிடத்தில் இல்லை. அலுவலக நாட்காட்டியில் இருக்கிறது. கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயதுப் பிரிவு பிரிக்கும் எல்லை நாள் ஜனவரி 1. ஒரே ஆண்டின் ஜனவரி 2-இல் பிறந்தவனும் டிசம்பர் 30-இல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. முப்பது வயதில் ஓராண்டு பெரிதன்று. ஒன்பது வயதில் அது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு! உயரத்தில் இரண்டு மூன்று அங்குலமும், கால் வலுவில் அதற்கேற்ற வேறுபாடும் இருக்கும். பனித்தரையில் ஏறி ஆடிய அனுபவத்திலும் ஒரு குளிர்காலம் கூடுதல்.

ஒன்பது, பத்து வயதில் ஊரின் சிறந்த சிறுவர்களைப் பொறுக்கி ஒரு தேர்வணி அமைப்பார்கள். பயிற்சியாளர் நேர்மையானவரே, அன்று களத்தில் யார் நன்றாக ஆடுகிறானோ அவனை எடுக்கிறார். எடுக்கப்படுபவன் பெரும்பாலும் மூத்தவனாக இருக்கிறான். அதன்பின் அவனுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார். கூட ஆடுவோர் திறமைசாலிகள். ஆட்டங்கள் இரண்டு மூன்று மடங்கு. தேர்வு பெறாத டிசம்பர்ப் பையன், வாரம் ஒரு நாள் தெருமுனை அரங்கில் ஆடிக்கொண்டிருக்கிறான். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இருவரையும் அருகருகே நிறுத்தினால் முதலாமவன் உண்மையிலேயே சிறந்தவன்தான். தொடக்கத்தில் வயதினால் வந்த வேறுபாடு, இப்போது பயிற்சியினால் வந்த உண்மையான வேறுபாடாகிவிட்டது. பத்து வயதில் தம் தேர்வு சரியாகவே இருந்தது என்று பயிற்சியாளர் மனநிறைவு கொள்கிறார்.

இரண்டாமவன் என்ன ஆனான்? பெரும்பாலும் பதின்மூன்று வயதில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டான். தனக்கு இந்த ஆட்டம் வராது என்று அவனே நம்பியும் இருப்பான்.

'ஒப்பீட்டு வயது விளைவு' என்று இதற்குப் பெயரிட்டார்கள். கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழி பேசும் ஆய்வாளர்களாகிய சீமோன் கிரோந்தேனும் உடனிருந்தோரும் 1984-இலேயே ஹாக்கியிலும் கைப்பந்திலும் இதே சாய்வைக் கண்டு எழுதியிருந்தனர். ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் ஒரே கண்டுபிடிப்பு நிகழ்வது அறிவியல் வரலாற்றில் புதிதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஜனவரியில் பிறந்தவர்களுக்குத் திறமை இல்லை, மாதம்தான் அவர்களைத் தூக்கிவிட்டது என்று கொள்ளக் கூடாது. கார்டி ஹோ பிறந்தது மார்ச்சில். பாபி ஆர் பிறந்ததும் மார்ச்சில். வேய்ன் கிரெட்ஸ்கி ஜனவரி 26-இல். ஆறு வயதிலேயே பத்து வயதுப் பிள்ளைகளோடு ஆடிய கிரெட்ஸ்கியிடம் பிறந்த மாதத்தைப் பற்றி யார் பேசுவது? இந்த விளைவு தனி மனிதர் எவருக்கும் தீர்ப்பு எழுதுவதில்லை. கூட்டத்தில் யார் காணாமற் போனார்கள் என்பதையே அது சொல்கிறது.

நாற்றங்காலில் ஒரு மாலை

இனி, இளைஞர் லீகைத் தாண்டித் தேர்வும் பெற்று, சிறிய லீக் அணியில் வந்து நிற்கும் இருபது வயது இளைஞனைப் பார்ப்போம். இவன் மேலே போவானா, மாட்டானா? அணி நிருவாகத்தின் பெரும்பணம் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. இளைஞனுக்கோ வாழ்க்கையே அதில் இருக்கிறது.

எளிய வழி, அவன் எடுத்த புள்ளிகளைப் பார்ப்பது. அமெரிக்க ஹாக்கி லீகில் இருவர் ஆளுக்கு 60 ஆட்டங்களில் 60 புள்ளி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சமமா? ஒருவனுக்கு வயது 20, மற்றவருக்கு 27. முன்னணி ஆட்டக்காரரின் கோல் வளம் இருபதுகளின் நடுவில் உச்சத்தை எட்டிப் பிறகு மெல்லத் தேயத் தொடங்குகிறது. 27 வயதுக்காரர் தம் உச்சத்தில் எடுத்த 60-ஐ, 20 வயதுக்காரன் ஏறுமுகத்தில் எடுத்திருக்கிறான். பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் அச்சாகின்றன.

சிறிய லீகில் எடுத்த புள்ளிக்குப் பெரிய லீகில் என்ன மதிப்பு? இரண்டிலும் ஆடியவர்களின் கணக்கை எடுத்து ஒப்பிட்டால் ஒரு மாற்று விகிதம் கிடைக்கும். வெளிநாட்டு நாணயத்துக்கு விகிதம் இருப்பது போல. 2000-த்துக்குப் பின் கேப்ரியல் டெஜார்டன் என்பவர் இவ்வாறு கணக்கிட்டுப் பல லீகுகளுக்கு விகிதம் கொடுத்தார். அமெரிக்க ஹாக்கி லீகுக்கு அது ஏறத்தாழ 0.45. அதாவது அங்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுப்பவர், மேலே போனால் 82 ஆட்டங்களில் சுமார் 37 எடுக்கலாம். இது சராசரிக் கணக்கு என்பதை மறவாதீர்கள். எந்த இளைஞனும் சராசரியாகப் பிறப்பதில்லை.

அடுத்தது தற்செயல். இதைச் சிறிது நிதானமாகப் பார்ப்போம். கோலை நோக்கி அடிக்கும் அடிகளில் பத்தில் ஒன்று அளவிலேயே கோலாகிறது. பருவத் தொடக்கத்தில் ஓர் இளைஞன் 40 அடிகளில் 8 கோல் போட்டுவிட்டான். பத்தில் இரண்டு! பத்திரிகைகள் புகழ்கின்றன, மேலே அழைக்கச் சொல்கிறார்கள். அவனுடைய உண்மைத் திறம் எல்லாரையும் போலப் பத்தில் ஒன்றுதான் என்றால், 40 அடிகளில் 8-ஓ அதற்கு மேலோ கோலாவதற்கு வாய்ப்பு எவ்வளவு? நிகழ்தகவுப் பாடம் படித்த மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். விடை சுமார் 4 விழுக்காடு. மிகக் குறைவு என்று தோன்றுகிறதா? ஆனால் லீகில் 32 அணிகள். அணிக்குப் பன்னிரண்டு முன்னணி ஆட்டக்காரர்கள். எல்லாரும் சமத் திறமை உடையவர்களாகவே இருந்தாலும், பதினைந்து பேராவது வெறும் தற்செயலால் அந்தத் தொடக்கத்தைப் பெறுவார்கள். அடுத்த மாதங்களில் அவர்கள் பழைய நிலைக்கு இறங்கும்போது, பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு எழும். பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து கண்ட 'சராசரிக்குத் திரும்புதல்' என்னும் விதியே இங்கு வேலை செய்கிறது. தலைக்கனத்துக்கு இதில் பங்கில்லை.

மூன்றாவதாக, ஒருவன் பெயருக்கு நேரே எழுதும் எண் உண்மையில் அணியினுடையதாக இருக்கலாம். 1950-களில் மான்ட்ரீல் அணியினர் ஒரு கணக்கு வைத்தார்கள். ஒருவர் களத்தில் இருக்கையில் தம் அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று. எதிரணி போட்டால் கழித்தல் ஒன்று. 1967-68 முதல் தேசிய லீகும் இதை முறையாக வைத்து வருகிறது. 1970-71-இல் பாபி ஆர் பெற்ற +124 இன்றும் முறியடிக்கப்படவில்லை. நல்ல கணக்குதான். ஆனால் பலவீனமான அணியில் மாட்டிக்கொண்ட நல்ல ஆட்டக்காரருக்கு இதைப் போல் துரோகம் செய்யும் கணக்கும் வேறில்லை.

கோல் காப்பாளர்களிடம் இது இன்னும் கடுமையாகத் தெரியும். கியூபெக்கில் கிரான்பி என்ற ஊரின் இளைஞர் அணி மிக மோசமான அணி. அதன் கோல் காப்பாளர் சில பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரி ஐந்துக்கும் மேற்பட்ட கோல்களை விட்டுக்கொடுத்தார். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். 1984-இல் மான்ட்ரீல் அணி அவரை 51-ஆவது ஆளாக எடுத்தது. 1985 வசந்தத்தில் துணை அணியான ஷெர்புரூக்குக்கு அனுப்பியது. அங்கு அவர் கோல் வாயிலில் நின்று சிறிய லீகின் கால்டர் கோப்பையை வென்று கொடுத்தார். அடுத்த ஆண்டு, இருபது வயதில், தேசிய லீகின் ஸ்டான்லி கோப்பையை மான்ட்ரீல் வென்றபோது இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அவர் பெயர் பாட்ரிக் ருவா. பிறந்த நாள், நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அக்டோபர் 5.

எண் உண்மையைச் சொல்லியும் கண் நம்ப மறுத்த கதையும் உண்டு. மார்ட்டின் சேன் லூயி 5 அடி 8 அங்குல உயரம். இந்த ஆட்டத்துக்கு அது குள்ளம். 224 என்ன, அதற்கு மேலும் பெயர்கள் வாசிக்கப்பட்ட காலத்தில் எந்த அணியும் அவர் பெயரை வாசிக்கவில்லை. பல்கலைக்கழக ஆட்டத்தை முடித்துவிட்டு, கால்கரி அணியின் துணை அணியாகிய சேன்ட் ஜானில் இடம் பிடித்தார். அங்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்குக் குறையாமல் எடுத்தார். கால்கரி அவரை மேலே அழைத்தபோதெல்லாம் சில நிமிடங்களே களத்தில் விட்டது; பெரிய ஆட்கள் செய்யும் தற்காப்பு வேலையைக் கொடுத்தது. 2000-இல் கைவிட்டது. டாம்பா பே அணி சேர்த்துக்கொண்டது. 2003-04-இல் அவர் 94 புள்ளிகளுடன் தேசிய லீகிலேயே முதலிடம் பெற்றார். அவ்வாண்டு இறுதிப் போட்டியில் டாம்பா பேயின் எதிரணி எது தெரியுமா? கால்கரியேதான். ஆறாவது ஆட்டத்தில், கால்கரியின் சொந்த அரங்கில், இரண்டாவது கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் சேன் லூயி. ஏழாவது ஆட்டத்தில் கோப்பை டாம்பாவுக்குப் போயிற்று.

டெட்ராய்ட் அணியின் ஸ்வீடன் நாட்டுத் தேர்வாளர் ஹோக்கன் ஆண்டர்சனையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேறோர் இளைஞனைப் பார்க்க ரஷ்யா போன இடத்தில் பாவெல் தத்சூக்கைக் கண்டார்; 1998-இல் 171-ஆவது ஆளாக எடுத்தார்கள். வேறொருவனைப் பார்க்கப் போன இன்னொரு சமயத்தில் ஹென்ரிக் செட்டர்பெரியைக் கண்டார், 1999-இல் 210-ஆவது. இருவரும் தம் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களாயினர். கனனாக்வேயில் நடந்தது நினைவுக்கு வருகிறதா? பார்க்க வந்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கத் தெரிவதும் ஒரு திறமைதான் போலும்.

தெரிந்த பின்னும்

பார்ன்ஸ்லியின் ஆய்வு வெளிவந்தபின் ஹாக்கி உலகம் திருந்திவிட்டதா? அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் டீனர், ஏரன் லோவன் ஆகியோரும் ஸ்டீபன் கோப்லியும் இதைச் சோதித்தனர். 1980 முதல் 2006 வரை தேசிய லீகுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கனடா இளைஞர்களின் பிற்கால வாழ்க்கையை அளந்து 2013-இல் வெளியிட்டனர். தேர்வு பெற்றோரில் 36 விழுக்காட்டினர் முதல் காலாண்டில் பிறந்தவர்கள்; கடைசிக் காலாண்டினர் 14.5 விழுக்காடு. இது பழைய செய்தி. புதிய செய்தி இனிமேல்தான். ஒரே வரிசை எண்ணில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை ஒப்பிட்டால், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களே 400 ஆட்டங்கள் ஆடுவது, 200 புள்ளிகள் எடுப்பது போன்ற எல்லைகளை எட்டுவதில் ஏறத்தாழ இரு மடங்கு வாய்ப்புப் பெற்றிருந்தனர். அவர்களுடைய உண்மையான தகுதிக்கு 40 இடங்களுக்கு மேல் பிந்தித்தான் அவர்களை எடுத்திருக்கிறார்கள். அந்த 27 ஆண்டுகளில் இந்தப் பிழை குறையவும் இல்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இங்கே பேசுவது ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பற்றி அன்று. பதினெட்டு வயதில், பணம் கொடுத்து, ஆள் வைத்து, ஆண்டுக்கணக்கில் பார்த்துச் செய்யும் தேர்வு இது. பதினெட்டு வயதில் மாதங்களுக்கு இடையே உடல் வேறுபாடு அநேகமாக இல்லை. அதுமட்டுமன்று, எல்லை நாள் செப்டம்பர் 15 என்பதால், அக்டோபரில் பிறந்தவன் தேர்வு நாளில் மூத்தவனாகவே நிற்கிறான். அப்படியும் அவன் குறைவாக மதிக்கப்படுகிறான். சிறு வயதில் தேர்வணியில் இல்லாதவன், பெயர் அடிபடாதவன், இளைஞர் லீகில் மூன்றாம் வரிசையில் ஆடுபவன் என்ற அடையாளங்கள் அவனோடு கூடவே வந்துவிடுகின்றன. அவ்வளவு தடைகளையும் தாண்டி அங்கு வந்து நிற்கிறான் என்பதே அவனுடைய தகுதிக்குச் சான்று என்று யாருக்கும் தோன்றவில்லை.

பரிகாரங்கள் சொல்லப்படாமல் இல்லை. எல்லை நாளை ஆண்டுதோறும் மாற்றி வைக்கலாம். ஒரு பிரிவை ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டாகப் பிரிக்கலாம். தேர்வணி அமைப்பதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். இரண்டாவது வழிக்கு இரு மடங்கு அரங்க நேரம் வேண்டும். குளிர்நாட்டிலும் பனித்தரை அரங்கின் வாடகை அதிகம். மூன்றாவதே எனக்கு எல்லாவற்றிலும் நல்லதாகப் படுகிறது. ஆனால் தன் பிள்ளை ஒன்பது வயதில் தேர்வணியில் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளும் பெற்றோர் அதை விரும்புவார்களா என்பது வேறு கேள்வி.

2017-இல் நெதர்லாந்து நாட்டிலிருந்து ஒரு சோதனை முடிவு வந்தது. அது கால்பந்தைப் பற்றியது. எனினும் நம் பொருளுக்கு இதைவிட நெருக்கமானது வேறில்லை. டேவிட் மான் என்பவரும் அவருடைய துணை ஆய்வாளரும் தேர்ந்த ஆள் தேடுவோர் பலரை அழைத்துச் சிறுவர் பந்தயங்களைக் காட்டி, ஆட்டக்காரர்களை மதிப்பிடச் சொன்னார்கள். முதல் குழுவுக்குப் பிள்ளைகளின் வயதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல் மூத்த பிள்ளைகளையே உயர்த்தி மதிப்பிட்டார்கள். இரண்டாம் குழுவுக்கு எல்லாருடைய பிறந்த தேதியையும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அவர்களும் மூத்தவர்களையே உயர்த்தினார்கள். தாளில் இருந்த தேதியால் ஒரு பயனும் விளையவில்லை. மூன்றாம் குழு பார்த்த ஆட்டத்தில், பிள்ளைகளின் சட்டை எண்களே வயது வரிசைப்படி அமைந்திருந்தன. எண்ணைப் பார்த்ததுமே இவன் அணியில் மூத்தவனா இளையவனா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தக் குழுவின் மதிப்பீட்டில் மட்டும் சாய்வு மறைந்தது.